டாஷ்போர்டை யார் பூட்டுவது? கார் ஆலையின் முன் இருக்கும் மூன்று வழிகள்

கடைசி ஸ்க்ரூ வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் என்று டொயோட்டா கணக்குச் சொல்கிறது. இத்தனையையும் தானே செய்கிற கம்பெனி இன்று கிடையாது. பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்று ஆன பிறகு, எந்த வடிவத்தில் வாங்குவது என்ற கேள்வி வருகிறது. உதிரியாக வாங்கி நம் ஆட்களே பூட்டுவதா? பக்கத்து வளாகத்தில் ஒருவர் பூட்டி, முழுத் தொகுதியாக, அதாவது மாட்யூலாகக் கொண்டுவந்து இறக்குவதா? இல்லை, சப்ளையரின் ஆட்களையே நம் லைனுக்குள் நிற்க வைத்து, அவர்கள் கையாலேயே மாட்டச் சொல்வதா? இதை அஸ்திவாரம் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். லைன் எவ்வளவு நீளம், லாரி வந்து நிற்க எத்தனை கதவு, எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது, எல்லாம் இதைப் பொறுத்தது. பிறகு மாற்ற நினைத்தால் செலவு பயங்கரமாக இருக்கும்.

ஃபோக்ஸ்வாகனின் எம்.கியூ.பி. மாதிரி பல மாடல்களுக்கு ஒரே அடித்தளத்தைப் பகிர்வதையும் மாட்யூலர் என்கிறார்கள். அது டிசைன் மேஜையின் சமாச்சாரம். இங்கே பேசப்போவது ஆலைத் தரையில் யார் எதைப் பூட்டுகிறார்கள், பழுது வந்தால் யார் பொறுப்பு என்பது பற்றி.

ஒரு டாஷ்போர்டு வந்து சேரும் விதம்

காக்பிட் மாட்யூலை, அதாவது டாஷ்போர்டுத் தொகுதியை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் வெளியே கொடுக்கப்படும் தொகுதிகளில் இதுதான் பிரபலம். காரின் குறுக்கே போகும் ஒரு இரும்புச் சட்டம்தான் இதன் முதுகெலும்பு. அதன்மேல் ஏசி பெட்டி, ஸ்டீயரிங் கம்பம், வயரிங் ஹார்னஸ் என்ற வயர்க் கட்டு, பயணி பக்கத்து ஏர்பேக், மீட்டர், திரை, கடைசியாக நாம் பார்க்கும் பிளாஸ்டிக் முகப்பு. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கனம். அதனால் லைனில் ஒரு தூக்கு இயந்திரம் அதைப் பிடித்து, முன் கதவு வழியாக உள்ளே நுழைத்து, இரண்டு பக்கத் தூணிலும் போல்ட் போட்டுப் பூட்ட உதவும்.

பெயிண்ட் முடிந்த பாடி, உள்பாகங்கள் மாட்டும் டிரிம் லைனுக்குள் நுழையும்போது மாட்யூல் கட்டுகிறவருக்கு ஒரு சிக்னல் போகும். எந்த வேரியன்ட், எந்த நிறம், எத்தனை ஏர்பேக், ஏற்றுமதிக்கு என்றால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அதிலிருந்து அந்த பாடி டாஷ்போர்டு மாட்டும் இடத்துக்கு வந்து சேர அவருக்கு ஓரிரு மணி நேரம்தான். அதற்குள் கட்டி, மின் இணைப்பைச் சோதித்து, கார் வரும் வரிசையிலேயே டிராலியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஜே.ஐ.எஸ். (ஜஸ்ட்-இன்-சீக்வென்ஸ்) என்று லைனில் சொல்வது இதைத்தான். நேரத்துக்கு வந்தால் மட்டும் போதாது, வரிசையும் பிசகக்கூடாது. நடுவில் ஒரு முகப்பில் கீறல் விழுந்திருந்தால் அடுத்ததை எடுத்து மாட்ட முடியாது, அது வேறொரு காருக்கானது. கீறல் விழுந்ததற்குப் பதில் அவசரமாக ஒன்று கட்டி ஓடவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கார் டாஷ்போர்டு இல்லாமலே போய் ஓரமாக நிற்கும். லைன் நின்றால் நிமிடக் கணக்கில் டெபிட் நோட் வரும், அதாவது பில்லில் பணம் பிடிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் லாபம் உண்மையானது. காருக்குள் குனிந்து, முதுகை வளைத்து வயர் செருகுவதைவிட, நின்ற நிலையில் ஸ்டாண்டில் வைத்துப் பூட்டுவது சுலபம். உள்ளே மாட்டும் முன்பே மின்சோதனை முடிந்துவிடும். பிரதான லைனின் நீளம் குறையும். ஆனால் இந்த மூன்று லாபத்தையும் சொந்த ஆலைக்குள் ஒரு கிளை லைன் போட்டும் பெறலாம். அதற்கு வெளியாள் தேவையில்லை. வெளியே கொடுப்பதால் மட்டுமே கிடைப்பவை வேறு: குறைந்த சம்பளம், கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வேறொருவர் போடும் முதல், கையிருப்புச் சுமை இன்னொருவர் கணக்கில் ஏறுவது. இந்த விஷயத்தில் வரும் பவர்பாயின்ட் விளக்கங்களில் முதல் வகை லாபத்தைக் காட்டித்தான் இரண்டாவது வகையை விற்கிறார்கள். முடிவெடுக்க உட்காரும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பது நல்லது.

ரெசெண்டே: எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்த இடம்

மூன்றாவது வழியின் உச்சம் பிரேசிலில் இருக்கிறது. ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் ரெசெண்டே என்ற ஊரில் 1996 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் ஒரு லாரி, பஸ் ஆலையைத் திறந்தது. யோசனை ஹோசே இக்னாசியோ லோபெஸுடையது. ஜெனரல் மோட்டார்ஸில் கொள்முதல் தலைவராக இருந்து சப்ளையர்களின் ஒப்பந்தங்களைப் பிரித்து விலையைப் பிழிந்த மனிதர். 1993-ல் ஃபோக்ஸ்வாகனுக்குத் தாவி, ரகசிய ஆவணங்களை எடுத்துப்போனார் என்ற வழக்கில் சிக்கி, ரெசெண்டே திறந்த அதே மாதம் ராஜினாமா செய்தார்.

அந்த ஆலையில் ஏழு கூட்டாளிகள். சட்டகத்துக்கு மேக்சியன், ஆக்சிலுக்கு ராக்வெல், எஞ்சினுக்கு கம்மின்ஸும் எம்.டபிள்யூ.எம்.மும் சேர்ந்த கூட்டு, கேபினின் உள்வேலைக்கு வி.டி.ஓ., இப்படிச் சக்கரம், கேபின் வெல்டிங், பெயிண்ட் என்று மற்றவற்றுக்கும் ஆளுக்கொரு பகுதி. கூட்டாளிகள் தங்கள் இயந்திரத்துக்குத் தாங்களே முதல் போட்டார்கள். அவர்களுடைய தொழிலாளிகளே லாரியைக் கட்டினார்கள். ஃபோக்ஸ்வாகன் ஆட்கள் அங்கே சிறுபான்மை. டிசைன், தரம், இறுதிச் சோதனை, விற்பனை இவைதான் அவர்கள் வசம். லாரி இறுதிச் சோதனையில் தேறிய பிறகுதான் கூட்டாளிகளுக்குப் பணம். ஒருவர் போல்ட் தளர்ந்தால் ஏழு பேருக்கும் காசு நிற்கும் என்பதால், பக்கத்தில் இருப்பவர் வேலையை ஒவ்வொருவரும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள் என்பது லோபெஸின் கணக்கு.

ஆலை தோற்றுவிடும் என்று அன்று பலர் எதிர்பார்த்தார்கள். தோற்கவில்லை. 2009-ல் அந்த லாரித் தொழிலை மேன் நிறுவனம் வாங்கியபோதும் ஏற்பாடு தொடர்ந்தது. காரணம் வாகனத்தின் உடலமைப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். லாரிக்குக் கீழே ஏணி மாதிரி தனிச் சட்டகம் உண்டு. ஆக்சில், எஞ்சின், கேபின் எல்லாம் அதன்மேல் போல்ட்டில் உட்காருபவை. எது யார் எல்லை என்று கோடு போட முடியும். எண்ணிக்கை குறைவு, வகைகள் அதிகம், ஆகவே ரோபோக்களில் கோடிகளைக் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. காரில் அப்படி இல்லை. பாடியே சட்டகம். டாஷ்போர்டில் கிர்ரென்று ஒரு சத்தம் வந்தால் அது சட்டத்தின் அளவா, பிளாஸ்டிக்கா, பாடியில் துளை போட்ட இடமா என்று மூன்று கம்பெனி ஆட்கள் கேஜும் கையுமாக நிற்பார்கள். மூவர் அளவும் அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கும். சத்தமும் இருக்கும்.

சம்பள மிச்சம் பற்றி ரெசெண்டே இன்னொன்றையும் காட்டியது. சாவோ பாவ்லோவின் ஏ.பி.சி. வட்டாரத்துப் பழைய ஆலைகளைவிட அங்கே கூலி வெகு குறைவு, இடத்தைத் தேர்ந்ததே அதற்காகவும்தான். ஆனால் ஒரே கூரையின் கீழ் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஏழு விதச் சம்பளம் கொடுத்தால் சண்டை வரும் என்று கூட்டாளிகள் ஒரே அளவுகோல் வைத்தார்கள். அதனாலேயே சங்கத்துக்கு எல்லோரையும் ஒன்றாகத் திரட்டுவது எளிதானது. 1999-ல் வேலைநிறுத்தமும் வந்தது. கொரியாவில் இதே பிரச்சினை கோர்ட்டுக்குப் போனது. ஹூண்டாய் ஆலைக்குள் காண்ட்ராக்டரின் பெயரில் லைனில் நின்றவரை ஹூண்டாயின் ஆளாகவே பார்க்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால் சம்பள வித்தியாசத்தை வெகுநாள் காப்பாற்ற முடியாது.

ஹாம்பாக், காம்போ லார்கோ

கார்களில் இந்த வழியைத் துணிந்து பார்த்தது ஸ்மார்ட். டைம்லர்-பென்ஸும் ஸ்வாட்ச் கடிகாரத்தின் நிக்கோலஸ் ஹாயெக்கும் சேர்ந்து தொடங்கியது. பிரான்ஸின் ஹாம்பாக்கில் 1997 அக்டோபரில் ஆலையைத் திறக்க பிரான்ஸ் அதிபர் ஷிராக்கும் ஜெர்மன் சான்சலர் கோலும் வந்தார்கள். கூட்டல் குறி வடிவில் அசெம்பிளிக் கூடம். அதைச் சுற்றி ஒரே வளாகத்தில் பாடிக்கு மாக்னா, வெளி பிளாஸ்டிக் தகடுகளுக்கு டைனமிட் நோபல், காக்பிட்டுக்கு வி.டி.ஓ. எனக் கூட்டாளிகள். தங்கள் பகுதி ஆலைக்கு அவர்களே முதல் போட்டார்கள். இறுதி அசெம்பிளிக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகாது என்றார்கள்.

உற்பத்தி முறையாகப் பார்த்தால் அருமை. பிரச்சினை விற்பனையில் வந்தது. ஆண்டுக்கு 2,00,000 கார் என்று போட்ட கணக்கில் 1999-ல் பாதிகூட ஓடவில்லை. சொந்த ஆலை என்றால் நஷ்டத்தை நீங்களே தாங்கிக்கொண்டு லைன் வேகத்தைக் குறைப்பீர்கள். இங்கே ஒவ்வொரு கூட்டாளியும் 2,00,000 கார் என்ற கணக்கில் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார், ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார வேண்டும். முதல் போடுவதை மற்றவர் தலையில் இறக்கினால் ரிஸ்க்கும் இறங்கிவிடும் என்று நினைப்பது பாதிதான் சரி. எண்ணிக்கை சரிந்த நாளில் அது வேறு பெயரில் பில்லாகத் திரும்பி வரும்.

இதே காலத்தில் பிரேசிலின் காம்போ லார்கோவில் கிறைஸ்லர் டக்கோட்டா பிக்-அப்பைக் கட்டத் தொடங்கியது. டானா நிறுவனம் பக்கத்திலேயே ஆலை போட்டு, பிரேக், ஆக்சில், வயரிங், சக்கரம் எல்லாம் பூட்டி, உருட்டிக்கொண்டே போகக்கூடிய முழு சேஸியாகக் கொடுத்தது. பிக்-அப்புக்குத் தனிச் சட்டகம் உண்டு, ஆகவே எல்லை தெளிவு. தொழில்நுட்ப ரீதியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1998-ல் தொடங்கி 2001-ல் கிறைஸ்லர் கடையைக் கட்டிவிட்டது. ஒரே வாடிக்கையாளருக்காக, ஒரே வாகனத்துக்காக, அவர் வாசலில் போட்ட ஆலையை வேறு யாருக்குக் காட்டி ஆர்டர் கேட்பது?

ஹூண்டாய் செய்வது ஏன் மற்றவர்களுக்கு வராது

நடு வழி, அதாவது வெளியே கட்டி வரிசையாக வரவழைப்பது, இன்று உலகில் பரவலானது. அதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஹூண்டாயும் அதற்குப் பாகம் செய்யும் மோபிஸும். காக்பிட், முன்முகம் (ரேடியேட்டர், ஹெட்லைட் சேர்ந்த முன்பகுதி), சேஸி மூன்றும் மோபிஸ் கட்டித் தருகிறது. அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போனபோதும் பின்னாலேயே போனது, இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் வந்து இருங்காட்டுக்கோட்டை லைனுக்குக் கட்டிக் கொடுக்கிறது. இதைப் பார்த்துவிட்டு 'நாமும் அப்படியே செய்யலாம்' என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மோபிஸ் வெளியாள் கிடையாது. ஹூண்டாய் மோட்டாரில் 21 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் மிகப்பெரிய பங்குதாரரே மோபிஸ்தான். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்த மாதிரி. விலைப் பேச்சு முறிந்து ஒருநாள் மோபிஸ் டிராலியை நிறுத்திவிடும் என்ற பயம் ஹூண்டாய்க்கு இல்லை. மாடல் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் மோபிஸுக்கும் அந்த அளவு இல்லை.

அந்தச் சொந்தம் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை 2016 ஆகஸ்ட்டில் ஃபோக்ஸ்வாகன் பார்த்தது. பிரிவென்ட் குழுமத்தின் இரண்டு கம்பெனிகள், ஒன்று சீட் உறை தைப்பது, மற்றொன்று கியர்பாக்ஸுக்கு வார்ப்புப் பாகம் செய்வது, ஒப்பந்தத் தகராறில் சப்ளையை நிறுத்தின. வொல்ஃப்ஸ்பர்க் உட்பட ஆறு ஆலைகள் தடுமாறின, ஏறக்குறைய 28,000 தொழிலாளிகள் பாதிக்கப்பட்டார்கள். உலகின் மிகப்பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, சீட் உறைக்காக உட்கார்ந்து பேசித் தீர்த்தது.

சொந்தமாக இருந்தாலும் கீழ் அடுக்கை அது காப்பாற்றாது. 2020 பிப்ரவரியில் கொரியாவில் ஹூண்டாய் லைன்கள் நின்றதற்குக் காரணம் வயரிங் ஹார்னஸ். கோவிட்டால் சீனாவில் அதைக் கட்டும் ஆலைகள் மூடிக்கிடந்தன. மாட்யூல் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது, அதற்குள் போகும் வயர் கடல் தாண்டி வருகிறது. ஹார்னஸ் இயந்திரத்தில் ஓடாத வேலை. பலகைமேல் வயரைப் பரப்பி, டேப் சுற்றிச் சுற்றிக் கையால் கட்டுவது, அதனால் கூலி குறைந்த இடம் தேடிப் போய்விடும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஜெர்மன் ஆலைகள் நின்றதும் இதே ஹார்னஸால்தான்.

கரியாவில் பிடித்த தீ

முதல் வழிக்கு டொயோட்டாவைத் தவிர வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அங்கேயும் பெரும்பகுதி வெளியில்தான் வாங்குகிறார்கள். ஆனால் தொகுதியாக வெளியே தள்ளிவிடுவதில் அவசரம் காட்டவில்லை. பூட்டுவதைத் தங்கள் கிளை லைன்களில் வைத்துக்கொண்டு, சப்ளையரோடு உள்ள உறவைப் பல பத்தாண்டுக் கணக்கில் கட்டினார்கள். சப்ளையர் சங்கமான கியோஹோகாயின் வயது உலகப்போர்க் காலம். எலெக்ட்ரிக் பாகங்கள் செய்யும் டென்சோ 1949-ல் டொயோட்டாவிலிருந்து பிரிந்ததுதான்.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியாவில், டொயோட்டாவின் சப்ளையர் ஐசின் செய்கியின் முதலாம் ஆலை எரிந்தது. பின் சக்கர பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் பி-வால்வு என்ற சிறு பாகம், உள்ளங்கையில் அடங்குவது. டொயோட்டாவுக்கு வேண்டியதில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓர் ஆலையிலிருந்துதான் வந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்கு. சில நாளில் ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. ஐசின் வரைபடங்களை எடுத்து எல்லோருக்கும் அனுப்பியது. யார் வேண்டுமானாலும் தங்களிடம் இருக்கும் மெஷினில் செய்யலாம் என்றார்கள். 60-க்கு மேற்பட்ட கம்பெனிகள் வால்வு செய்ய இறங்கின, தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்பட. விலை பேசவில்லை, காகிதம் போடவில்லை. முதல் நல்ல வால்வுகள் நான்கு நாளுக்குள் வந்துவிட்டன, சுமார் ஒரு வாரத்தில் ஆலைகள் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பின.

இதை நம்பிக்கையின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். சரிதான், ஆனால் ஒரே ஆலையை நம்பிக் கையிருப்பில்லாமல் இருந்ததும் அதே உறவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வரைபடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, அதைப் படித்து வேறொரு மெஷினுக்கு ஏற்ப வேலையைப் பிரிக்கத் தெரிந்த ஆட்கள் டொயோட்டாவிலும் சுற்றியுள்ள கம்பெனிகளிலும் இருந்தார்கள். அந்த அறிவைக் கைவிடாமல் இருக்க டொயோட்டா காசு செலவழித்தது. காரில் எலெக்ட்ரானிக்ஸ் பெருகத் தொடங்கியபோது எல்லாவற்றையும் டென்சோவிடமே விட்டிருக்கலாம், நெருங்கிய கம்பெனிதான். ஆனாலும் 1989-ல் ஹிரோசேயில் சொந்த எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றைத் தொடங்கியது. டென்சோ சொல்லும் விலையும் காரணமும் சரியா என்று சொந்த அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. சுமார் 30 வருடம் கழித்து, 2020-ல்தான் அந்த ஆலையை டென்சோவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச். டெல்ஃபை முன்பு ஜி.எம்.மின் சொந்தப் பிரிவு, 1999-ல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அது செய்த சுவிட்ச் ஓட்டத்தில் தானாக அணைந்தது, அணைந்தால் ஏர்பேக் வேலை செய்யாது. 2006-ல் சுவிட்சின் உள்ளே ஸ்ப்ரிங்கையும் பிளஞ்சரையும் மாற்ற ஜி.எம். தரப்பில் ஒப்புதல் போனது, ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில். கோளாறைத் தேடிய ஜி.எம். இன்ஜினியர்களுக்கே சில வருடக் கார்களில் மட்டும் பிரச்சினை ஏன் என்று புரியாமல் வருடங்கள் ஓடின. 2014-ல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. வரைபடத்தில் ஒரு மாற்றம் நடந்தால் அது யார் மேஜைக்கு வரும் என்ற சின்னக் கேள்வியின் விலை அவ்வளவு.

உறவு கெடுவதற்கு வருடங்கள் தேவையில்லை. கிறைஸ்லர் 1990-களில் சப்ளையர் சொல்லும் யோசனையால் வரும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டு நல்ல பெயர் எடுத்தது. டைம்லரோடு இணைந்து நஷ்டம் கண்டதும் 2000 டிசம்பரில், ஜனவரி 1 முதல் எல்லோரும் விலையில் 5 சதவீதம் குறையுங்கள் என்று அறிவித்தது. பத்து வருடச் சம்பாத்தியம் அதோடு சரி. நிசானில் கார்லோஸ் கோன் 1999-ல் வந்து, 1,145 பாக சப்ளையர்களை 600 ஆக்குவேன், கொள்முதல் செலவை 20 சதவீதம் குறைப்பேன் என்றார், செய்தும் காட்டினார். ஆனால் அதே நிசான் பிறகு காக்பிட், முன்முகத் தொகுதிகளுக்கு கால்சோனிக் கான்செய் என்ற சப்ளையரில் 2005-ல் தன் பங்கை 40 சதவீதத்துக்கு மேல் உயர்த்திக்கொண்டது. தொகுதியாக வாங்குவதென்றால் நெருக்கம் வேண்டும் என்று புரிந்திருந்தது. 2017-ல் அந்தப் பங்கை கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அந்தக் கம்பெனி மாரெல்லி என்ற பெயரோடு கடனில் மூழ்கி 2025 ஜூனில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. சப்ளையரை யார் வாங்கினார்கள் என்பதும் இனி உங்கள் உற்பத்தித் திட்டத்தில் ஒரு வரி.

அப்போ எதைத் தேர்வது?

என் கருத்தில், பூட்டும் வேலை, வரைபடம், டூலிங் (டை, மோல்டு) முதலீடு, சப்ளையருக்கே சப்ளை செய்யும் இரண்டாம் அடுக்கைத் தேர்வு செய்யும் உரிமை, இந்த நாலையும் ஒரே பொட்டலமாகக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த இடங்களில்தான் பிறகு விழித்தார்கள்.

லாரி, பஸ், பிக்-அப் மாதிரி தனிச் சட்டகம் உள்ள, எண்ணிக்கை குறைந்த வாகனம் என்றால் ரெசெண்டே வழியைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம், சம்பள மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காமல். கார் என்றால் அந்த வழியைத் தவிர்த்துவிடுவேன்.

ஆண்டுக்கு லட்சத்துக்கு மேல் ஓடும் கார், வேரியன்ட்டும் அதிகம் என்றால் முன்முகத்தை வெளியே கொடுக்கலாம். ரேடியேட்டர், மின்விசிறி, ஹெட்லைட், பானெட் பூட்டு எல்லாம் ஒரே சட்டத்தில் வரும், கடைசி வரை எஞ்சின் அறை திறந்திருப்பதால் லைனில் வேலையும் சுலபம். எல்லை தெளிவானது, கோளாறு வந்தால் யாருடையது என்று சீக்கிரம் தெரியும். காக்பிட்டையும் கொடுக்கலாம், ஆனால் சட்டம், ஏசி, ஹார்னஸ், ஏர்பேக் நாலுக்கும் வரைபடமும் சப்ளையர் தேர்வும் கார் கம்பெனி கையில் இருக்கும்படி. மாட்யூல்காரர் இதை விரும்பமாட்டார், பூட்டுக் கூலிக்கு மேல் லாபம் இருக்காதே என்பார். பேச்சு அங்கேதான் நீளும், நீளட்டும். பிரேக், ஸ்டீயரிங், மென்பொருள் பக்கம் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.

முதல் காரைக் கொண்டுவரும் புது மின்வாகனக் கம்பெனிகள் கையில் பணம் இல்லாததால் எல்லாவற்றையும் மாட்யூலாக வாங்கத் துடிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் அது மிக ஆபத்து. எண்ணிக்கை நிச்சயமில்லை, டிசைன் மாதாமாதம் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாட்யூல்காரரிடம் போய்க் காசு கொடுத்து நிற்க வேண்டும். முதல் இரண்டு வருடம் உதிரியாக வாங்கி, ஆள் அதிகமானாலும் பரவாயில்லை என்று தாங்களே பூட்டுவது மேல். எங்கே இடிக்கிறது என்று தெரிந்த பிறகு எதை வெளியே தரலாம் என்பது தானாகத் தெளியும்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

இதைப் படிக்கிறவர்களில் கார் ஆலை போடுகிறவர்களைவிட ஒரகடத்திலோ அம்பத்தூரிலோ பிரஸ் ஷாப், மோல்டிங் ஷெட் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கான தேர்வு வேறு: கார் கம்பெனிக்கு நேராகக் கொடுப்பதா, மாட்யூல்காரருக்கு இரண்டாம் அடுக்காகப் போவதா. நேராகப் போனால் தணிக்கை கடுமை, விலைப் பேச்சு கடுமை, ஆனால் பெயர் பதிவாகும், அடுத்த மாடலுக்கு விலை கேட்கும் ஆர்.எஃப்.கியூ. தேடி வரும். இரண்டாம் அடுக்கில் சேருவது சுலபம், ஷெட்யூல் மட்டும் மேலிருந்து வடிகட்டி வரும். மேலே ஒரு நாள் லைன் நின்றால் இங்கே மூன்று நாள் சரக்கு தேங்கும். கார் கம்பெனியே உங்களைப் பெயர் சொல்லித் தேர்ந்து மாட்யூல்காரரிடம் வாங்கச் சொல்லும் ஏற்பாடு கிடைத்தால் இரண்டின் நடுவே நிற்கலாம். ஆனால் தரத் தகராறில் டெபிட் நோட் யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் அதற்குள் போகக்கூடாது.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வரவேண்டும். தாமதித்தால் அந்த ஆண்டுக் கணக்கில் வாங்குபவருக்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்ற விதி 2023-24 நிதியாண்டு முதல் வந்தபிறகு பிடி கொஞ்சம் இறுகியிருக்கிறது. டூலிங் பணத்துக்கு அந்தப் பிடி இல்லை. டையின் விலையைப் பாகத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, இத்தனை லட்சம் பாகம் போனால் வசூலாகும் என்று ஒப்புக்கொள்கிறோம். மாடல் நடுவில் நின்றால் மீதி யார் தலையில்? ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் கடைசிக் கார் 2022 ஜூலையில் இறங்கியது. இடையில் பத்து மாதம். வசூலாகாத டூலிங்குக்கு இழப்பீடு, குறைந்தபட்ச எண்ணிக்கை, வாங்கி வைத்த மூலப்பொருள், இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா என்று பர்சேஸ் ஆர்டரைக் கையில் வாங்கும் அன்றே பார்த்துவிட வேண்டும். நேரடி சப்ளையருக்குக் கார் கம்பெனியோடு பேச ஒரு நாற்காலியாவது கிடைக்கும். இரண்டாம் அடுக்குக்காரர் மாட்யூல்காரரிடம்தான் கேட்க முடியும், அவரோ தன் நஷ்டத்துக்கே அங்கே வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.